ஆத்தங்குடி கல்லுல காரணி, சாந்திக் கல்யாணத்துல மடங்கு

ஆறாப்புக் கணக்குல புள்ளைங்க எங்க தடுமாறுறாங்கன்னு யாராவது கேட்டா நான் யோசிக்காம சொல்ற பதில் பொதுக் காரணியும் பொது மடங்கும்தான். பின்னம்தான் கஷ்டம்னு நெறைய பேர் சொல்லுவாங்க, ஆனா பின்னத்துல தடுமாறுற புள்ளைய பக்கத்துல உக்கார வச்சு மெதுவா ஒவ்வொரு வரியா கேட்டுப் பாருங்க, அது நிக்கிற இடம் பின்னமே இல்ல, ரெண்டு கீழ் எண்ணுக்கும் பொதுவா ஒரு எண்ணைத் தேடுற இடம்தான்.

நான் காரைக்குடி பக்கத்துல ஒரு ஊர்ல சாயங்காலம் தெருப் புள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கறேன். இடம் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. வீட்டுக்காரங்க எல்லாம் வெளியூர்ல, விசேஷத்துக்கும் கும்புடுறதுக்கும்தான் வருவாங்க, மத்த நாள்ல எங்க குடும்பம் கூட்டிப் பெருக்கி விளக்கேத்தி பாத்துக்குது. "புள்ளைக படிக்கிற சத்தம் வீட்டுக்கு நல்லதுதான், வளவுலயே உக்காந்துக்கங்க"ன்னு வீட்டுக்கார ஆச்சி சொல்லிட்டாங்க. (வளவுன்னா வீட்டு நடு முற்றத்தைச் சுத்தி உள்ள இடம்.) அதனால என் கரும்பலகை பாதி நேரம் அந்த வீட்டுத் தரைதான், அதைப் பத்தித்தான் இந்தப் பதிவுல அதிகமா சொல்லப் போறேன்.

முதல்ல குழப்பம் எங்க வருதுன்னு பார்க்கணும். ஒரு பொண்ணு 12, 18 ரெண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 36-ன்னு எழுதிட்டு வந்தா (சரியான விடை 6, 36-ங்கறது மீச்சிறு பொது மடங்கு). ஏம்மா 36-ன்னு கேட்டேன். "மீப்பெருன்னா ரொம்பப் பெருசுதானக்கா, 6-ஐ விட 36 தான பெருசு?" அவ கேட்டதுல தப்பே இல்லங்க. மீப்பெருன்னு ஆரம்பிக்கிற விஷயத்துக்கு விடை எப்பவும் குடுத்த எண்ணை விடச் சின்னதா, மிஞ்சிப் போனா சமமா வருது, மீச்சிறுன்னு ஆரம்பிக்கிறதுக்கு விடை எப்பவும் பெருசா, இல்ல சமமா வருது. இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்களுக்கும் ஹெச்சிஎஃப், எல்சிஎம்னு இதே தலைகீழ் குழப்பம்தான். இதை யாரும் உடைச்சு சொல்லாம நேரா வகுத்தல் முறைக்குப் போயிடுறோம், புள்ளைங்களும் கோடு போட்டு 2, 3, 5-ன்னு வகுத்துக் கீழ இறங்கிக்கிட்டே போவாங்க, கடைசியில எதை எதோட பெருக்கணும்னு வரும்போது பக்கத்துல உள்ளவன் நோட்டைப் பார்ப்பாங்க.

அந்தப் பொண்ணுக்கு நான் சொன்னது இதுதான். 12-ஐ மிச்சமில்லாம வகுக்கிற எண்ணெல்லாம் எழுதுன்னேன், 1, 2, 3, 4, 6, 12. முடிஞ்சிருச்சா? முடிஞ்சிருச்சு. 18-க்கு 1, 2, 3, 6, 9, 18. அதுவும் முடிஞ்சிருச்சு. இப்ப 12-ஓட மடங்கு எழுதுன்னேன், 12, 24, 36, 48, 60, 72-ன்னு எழுதிக்கிட்டே போயி "எதுவரைக்கும் அக்கா?"ன்னு நிமிர்ந்து பார்த்தா. அங்கதான் சாவி இருக்கு. காரணி முடியும், மடங்கு முடியாது. ரெண்டு எண்ணுக்கும் பொதுவான காரணியில ரொம்பச் சின்னது எதுன்னு கேட்டா விடை எப்பவுமே 1-தான், கேக்கவே தேவையில்ல, அதனால பெருசு எதுன்னு கேக்கறோம். பொது மடங்குல ரொம்பப் பெருசு எதுன்னு கேட்டா விடையே கிடையாது, அது போயிக்கிட்டே இருக்கும், அதனால சின்னது எதுன்னு கேக்கறோம். இதை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்ட புள்ளை 12-க்கும் 18-க்கும் மீப்பெரு பொதுக் காரணி 36-ன்னு எழுதாது, ஏன்னா 12-க்குள்ள 36 எப்படி இருக்கும்னு அதுக்கே தோணிடும்.

அதுலேருந்து நான் ஒரு பழக்கம் வச்சிருக்கேன். கணக்கு எதுவா இருந்தாலும் பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, "விடை குடுத்த எண்ணை விடப் பெருசா வருமா சின்னதா வருமா?" இதுக்கு வாயால பதில் சொல்லிட்டுத்தான் எழுதணும். வீட்டுல சொல்லிக் குடுக்கற அம்மா அப்பா யாராவது இதைப் படிச்சா, வேற எதுவும் செய்யாட்டியும் இதை மட்டும் செஞ்சு பாருங்க.

காரணி கண்டுபிடிக்கிறதுக்கு புளியங்கொட்டை போதும். பல்லாங்குழிக்காக எல்லா வீட்டுலயும் ஒரு டப்பாவுல கிடக்கும். 12 கொட்டையைக் குடுத்து எத்தனை விதமா வரிசையா, சதுரமாவோ நீளமாவோ அடுக்கலாம்னு கேட்டா ஒரே வரிசையில 12, ரெண்டு வரிசையில ஆறாறு, மூணு வரிசையில நாலு நாலு, அவ்வளவுதான். 13 குடுத்தா ஒரே நீள வரிசையைத் தவிர வேற வழியே கிடையாது, பகா எண்ணுன்னா என்னன்னு அங்கயே தெரிஞ்சுடும். இதுல முக்கியமான விஷயம் காரணி ஜோடி ஜோடியா வரும்ங்கறது, 1-க்கு ஜோடி 12, 2-க்கு 6, 3-க்கு 4, அதுக்கு மேல போனா 4-க்கு 3-ன்னு வந்த ஜோடியே திரும்ப வருது, அங்க நிறுத்திக்கலாம். இது தெரியாத புள்ளை 36-க்குக் காரணி எழுதும்போது 36 வரைக்கும் ஒவ்வொண்ணா வகுத்துப் பார்த்து சலிச்சுப் போகும், இல்ல பாதியில விட்டுட்டு 9-ஐயோ 18-ஐயோ மறந்துடும். ஜோடியாத் தேடினா 6-லயே முடிஞ்சிருது. 36-க்கு மட்டும் ஏன் காரணி ஒத்தப்படையில 9 வருதுன்னு ஒரு பையன் கேட்டான், 6-க்கு ஜோடி 6-ஏன்னு அவனே சொல்லிட்டு, அப்ப 16, 25, 49-க்கும் அப்படித்தான் இருக்கும்னு அடுத்த நிமிஷம் அவனே கண்டுபிடிச்சான், நான் வாயே திறக்கல.

இப்ப தரைக்கு வர்றேன். ஆத்தங்குடி கல்லு பத்தி வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வரி சொல்லிடுறேன், காரைக்குடிக்குப் பக்கத்துல ஆத்தங்குடிங்கற ஊர்ல கண்ணாடித் துண்டு மேல அச்சு வச்சு, கலர் சிமெண்டை ஊத்தி, அது மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊற வச்சு, காய வச்சு கையாலயே செய்யிற தரைக் கல்லு, சூளையில சுடுறது கிடையாது. நாங்க உக்காருற வளவுல எட்டு அங்குலக் கல்லு. ஒரு ஓரத்துக் கல்லுல சாக்பீஸால 0 போட்டுடுவேன். ஒரு புள்ளை நாலு நாலு கல்லாத் தாண்டிப் போயி நிக்கிற கல்லுல எல்லாம் புளியங்கொட்டை வைக்கணும், இன்னொரு புள்ளை ஆறு ஆறாத் தாண்டி சோழி வைக்கணும். போயிட்டுத் திரும்பிப் பார்த்தா எந்தக் கல்லுல கொட்டையும் சோழியும் சேர்ந்து கிடக்குன்னு எல்லாருக்கும் தெரியும், 12, 24, 36. நாலையும் ஆறையும் பெருக்கி 24-ன்னு சொல்லுவோம்னு நெனச்ச புள்ளை 12-லயே ரெண்டும் கிடக்கறதைக் கண்ணால பாக்குது. அப்புறம் 4-ம் 5-ம் விட்டா 20 வரைக்கும் சேரவே சேராது. அது ஏன், 4-ம் 6-ம் மட்டும் ஏன் சீக்கிரம் சேருதுன்னு கேட்டுட்டு நான் பேசாம இருந்துடுவேன். சண்டை போட்டு பதில் சொல்லுவாங்க, நாலுலயும் ஆறுலயும் ரெண்டு இருக்கு, நாலுலயும் அஞ்சுலயும் பொதுவா ஒண்ணும் இல்ல. "ஒண்ணு இருக்குல்ல?"ன்னு கேப்பேன். சார்பகா எண்கள்னு புத்தகத்துல போட்டிருக்கறது இதுதான், பொதுக் காரணி இல்லவே இல்லன்னு எழுதுற புள்ளைங்களுக்கு 1 இருக்குன்னு இங்கயே சொல்லிடணும்.

ஒரு நாள் 7-ம் 9-ம் விட்டேன். வளவோட ஒரு பக்கத்துல நாப்பது சொச்சம் கல்லுதான் இருக்கு. சுவத்துல போயி முட்டிக்கிட்டு, "கல்லு முடிஞ்சிருச்சு, மடங்கு முடியலக்கா"ன்னு ஒருத்தன் கத்தினான். அன்னைக்குத்தான் தரையை விட்டுட்டு மனசுல எண்ண ஆரம்பிச்சாங்க, சுவத்துக்கு அந்தப் பக்கம் எத்தனாவது கல்லுல சேரும்னு கணக்குப் போட்டு 63-ன்னு வந்தாங்க. பொருள வச்சு சொல்லிக் குடுக்கறப்ப அந்தப் பொருள் போதாமப் போற ஒரு கணக்கையும் வேணும்னே குடுக்கணுங்கறது என் அபிப்பிராயம், இல்லாட்டி புள்ளைங்க கொட்டையை விட்டு வெளிய வரவே மாட்டாங்க.

மடங்கு இப்படின்னா, காரணிக்கு அதே கல்லு வேற மாதிரி உதவும். உள்ள ஒரு சின்ன அறை, பத்தடிக்குப் பதினாலடின்னு வச்சுக்கிட்டோம், அங்குலத்துல 120-ம் 168-ம். எந்த அளவு சதுரக் கல்லு போட்டா ஒரு கல்லைக் கூட வெட்டாம தரை முடியும்? எட்டு அங்குலக் கல்லு போட்டா ஒரு பக்கம் 15, மறுபக்கம் 21, மொத்தம் 315 கல்லு, கச்சிதம். பத்து அங்குலக் கல்லு? ஒரு பக்கம் 12 சரியா உக்காருது, மறுபக்கம் 16 கல்லு போட்டதும் எட்டு அங்குலம் மிச்சம் நிக்குது, வெட்டித்தான் ஆகணும், வெட்டினா பூ டிசைன் பாதியில அறுந்துபோகும், அது புள்ளைங்களுக்கே பிடிக்கல. பன்னெண்டு அங்குலம் 10-க்கு 14, 140 கல்லு. அப்படியே போயி எல்லாத்தையும் விடப் பெரிய கல்லு 24 அங்குலம், 5-க்கு 7, வெறும் 35 கல்லு. இதுக்கு மேல பெருசு போக முடியாதுன்னு எப்படித் தெரியும்? 5-க்கும் 7-க்கும் 1-ஐத் தவிர பொதுக் காரணி இல்லையே, அதுதான் சாட்சி. விடை சரியான்னு வாத்தியாரைக் கேக்க வேண்டியதில்ல, மிச்சம் நிக்கிற ரெண்டு எண்ணைப் பார்த்தாலே போதும். (நிஜத்துல கொத்தனார் பார்டர் கல்லு விட்டு, இடுக்கு விட்டு, ஓரத்துல வெட்டித்தான் போடுவார், அதையும் புள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், கணக்கு நோட்டுல இருக்கற அறைக்கு சுவர் எப்பவும் நேரா இருக்கும்.)

அதே கணக்குல ஒரு பொண்ணு பொருந்துற எல்லா அளவையும் எழுதினா, 1, 2, 3, 4, 6, 8, 12, 24. எழுதிட்டு "அக்கா இது 24-ஓட காரணிதானே?"ன்னா. ஆமா, அதேதான். ரெண்டு எண்ணோட பொதுக் காரணி எல்லாமே அந்த மீப்பெரு பொதுக் காரணியோட காரணிதான், ஒண்ணு கூட வெளிய இல்ல. ஒரு எண்ணைக் கண்டுபிடிச்சா மத்தது எல்லாம் அதுக்குள்ளயே இருக்கு, மீப்பெருவுக்கு இவ்வளவு மரியாதை குடுக்கறதே அதனாலதான்.

கல்லு கணக்கோட அடுத்த படி எனக்கு ரொம்பப் பிடிச்சது. கட்டம் போட்ட கணக்கு நோட்டுல 14-க்கு 10 கட்டம் வெட்டி எடுத்துக்கணும். அதுலேருந்து முடிஞ்ச அளவு பெரிய சதுரத்தை வெட்டு, 10-க்கு 10 போயிடும், மிச்சம் 10-க்கு 4. அதுலேருந்து பெரிய சதுரம் 4-க்கு 4, ரெண்டு வெட்டலாம், மிச்சம் 4-க்கு 2. அதுல 2-க்கு 2 ரெண்டு வெட்டினா மிச்சமே இல்ல. கடைசியா வெட்டின சதுரம் 2, அதுதான் 14-க்கும் 10-க்கும் மீப்பெரு பொதுக் காரணி. எண்ணுலயும் அப்படியே, 168-லேருந்து 120 போனா 48, 120-லேருந்து ரெண்டு 48 போனா 24, 48-லேருந்து ரெண்டு 24 போனா ஒண்ணுமில்ல, விடை 24. கி.மு. 300 வாக்குல யூக்ளிட் எழுதி வச்ச வழி இது, நம்ம ஆரியபட்டர் 499-ல சொன்ன, பின்னாடி குட்டகம்னு பேர் வந்த முறைக்கும் அடியில இருக்கறது இப்படி மிச்சத்தை வச்சு வகுத்துக்கிட்டே போறதுதான். கத்தரிக்கோலும் பேப்பரும் இருந்தா ஆறாப்புப் புள்ளைக்கு இது தாராளமாப் புரியும், வாய்ப்பாடு கொஞ்சம் தடுமாறுற புள்ளைங்க கூட கழிச்சுக் கழிச்சே விடைக்கு வந்துடுறாங்க, அவங்களுக்கு இது பெரிய தைரியம்.

கொட்டான், அதாவது ஓலைக் கூடைக் கணக்கு சுருக்கமா சொல்றேன், எல்லாரும் கேக்கறது. சீர்ப் பலகாரம் 60 முறுக்கு, 84 அதிரசம், எல்லா ஓலைக் கொட்டானுலயும் ஒரே மாதிரி வரணும், மிச்சம் இருக்கக் கூடாது, அதிகபட்சம் எத்தனை கொட்டான்? 12, ஒவ்வொண்ணுலயும் 5 முறுக்கு 7 அதிரசம். 36 மாவுருண்டை சேர்ந்தாலும் 12-தான், கொட்டானுக்கு மூணு. அதே 90 மாவுருண்டைன்னா 6 கொட்டானாக் குறைஞ்சுடும். புதுசா ஒரு எண் வந்தா மீப்பெரு பொதுக் காரணி அப்படியே இருக்கும் இல்லாட்டி குறையும், ஏறவே ஏறாது. பஸ்ஸு கணக்கும் அப்படித்தான், ஸ்டாண்டுலேருந்து 18 நிமிஷத்துக்கு ஒண்ணும் 24 நிமிஷத்துக்கு ஒண்ணும் கிளம்பினா 72 நிமிஷத்துக்கு ஒருக்கா சேர்ந்து கிளம்பும்.

ஆனா மடங்குக்கு நான் குடுக்கற பெரிய உதாரணம் சாந்திதான். செட்டிநாட்டுல அறுபது முடிஞ்சா சாந்திக் கல்யாணம் எவ்வளவு விமரிசையா நடக்கும்னு சொல்ல வேண்டியதில்ல, புள்ளைங்க எல்லாரும் ஏதாவது ஒரு சாந்திக்குப் போயி சாப்பிட்டிருப்பாங்க. ஏன் அறுபது? பிரபவ முதல் அட்சய வரைக்கும் அறுபது வருஷப் பேரு ஒரு சுத்து முடிஞ்சு பொறந்த வருஷத்தோட பேரே திரும்ப வருது. 1965 சித்திரையில விசுவாவசு பொறந்துச்சு, 2025 சித்திரையில மறுபடி விசுவாவசு. சரி, அந்த அறுபது எங்கேருந்து வந்துச்சு? வழக்கமா சொல்ற விளக்கம் இது. வியாழன் ஒரு ராசிக்கு ஏறக்குறைய ஒரு வருஷம்னு பன்னெண்டு ராசியைச் சுத்த 12 வருஷம். சனி ஒரு ராசிக்கு ரெண்டரை வருஷம், ஏழரைச் சனிங்கறது மூணு ராசிக் கணக்கு, அப்ப முழுச் சுத்துக்கு 30 வருஷம். (துல்லியமா அளந்தா 11.86-ம் 29.5-ம் வரும், நம்ம கணக்குக்கு முழு எண்ணு போதும்.) ரெண்டும் ஒரே இடத்துல கிளம்பினா அதே இடத்துல எப்ப மறுபடி சேரும்? புள்ளைங்க உடனே 12-ஐயும் 30-ஐயும் பெருக்கி 360-ன்னு சொல்லுவாங்க. 360 வயசுல யாருக்கு சாந்தின்னு சிரிப்பு வரும். அப்புறம் எழுதிப் பார்ப்பாங்க, 12, 24, 36, 48, 60, அந்தப் பக்கம் 30, 60. அறுபதுலயே சேந்துடுச்சு.

இங்க நிறுத்தி ஏன் 360 வரலன்னு நல்லா பேசணும், இந்தக் கேள்விக்கு ஒரு முழு சாயங்காலத்தையும் குடுக்கலாம். 12-ங்கறது 6 தடவை 2, 30-ங்கறது 6 தடவை 5. பெருக்கும்போது அந்த 6-ஐ ரெண்டு தடவை சேத்துட்டோம், ஒரு தடவை போதும், அதனால 6, 2, 5-ஐப் பெருக்கினா 60. ரெண்டு எண்ணோட பெருக்கலை மீப்பெரு பொதுக் காரணியால வகுத்தா மீச்சிறு பொது மடங்கு வரும்ங்கற சூத்திரத்தைப் புள்ளைங்க மனப்பாடமா சொல்லுவாங்க, ஏன்னு கேட்டா முழிப்பாங்க, அந்த ஏன்-க்குப் பதில் இதுதான். ஒரு எச்சரிக்கை, மூணு எண்ணுக்கு இந்தச் சூத்திரம் வேலை செய்யாது. 4, 6, 10 எடுத்துக்கங்க, மூணையும் பெருக்கினா 240, மீப்பெரு பொதுக் காரணி 2, மீச்சிறு பொது மடங்கு 60, அதைப் பெருக்கினா 120-தான் வருது. பரீட்சையில மூணு எண்ணைக் குடுத்தா நல்லாப் படிக்கிற புள்ளைங்களே இதுல மாட்டிக்குவாங்க.

அறுபதை விட மனசு வரல, இன்னும் கொஞ்சம். 60-க்குக் காரணி 12 இருக்கு, 1, 2, 3, 4, 5, 6, அந்தப் பக்கம் அவங்க ஜோடி 10, 12, 15, 20, 30, 60. அறுபதுக்குக் கீழ எந்த எண்ணுக்கும் இத்தனை காரணி கிடையாது. தனக்கு முன்னாடி உள்ள எல்லா எண்ணையும் விட அதிகக் காரணி உள்ள இந்த மாதிரி எண்ணுங்களைப் பத்தி 1915-ல நீளமா ஒரு கட்டுரை எழுதினவர் நம்ம ராமானுஜன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120-ன்னு அந்த வரிசை போகும். எங்க புள்ளைங்களுக்கு இதை ஒரு போட்டியா வைப்பேன், 50-க்குள்ள அதிகக் காரணி உள்ள எண்ணு எது? ஆளுக்குப் பத்து எண்ணாப் பிரிச்சுக்கிட்டுத் தேடுவாங்க, 48-தான் ஜெயிக்கும், 10 காரணி. பக்கம் பக்கமா ஒர்க்ஷீட் போட்டு வர்ற பயிற்சியை விட இந்த ஒரு தேடல்ல அதிகமா வகுத்துப் பார்த்திருப்பாங்க, யாரும் வேலைன்னு நெனைக்க மாட்டாங்க. தேடி முடிச்சதும் இன்னொண்ணும் சொல்லுவேன், 1950-ல சென்னையில ராமானுஜன் பேர்ல கணித நிறுவனம் ஆரம்பிச்சது நம்ம கோட்டையூர்ல பொறந்த அழகப்பச் செட்டியார்தான்னு. தினமும் அவர் பேர் போட்ட காலேஜ் வாசலைத் தாண்டிப் போற புள்ளைங்களுக்கு அது பெருமையா இருக்கும், எனக்கும்தான்.

இந்த ஊர்ல கணக்குக்குப் பழைய வேர் இருக்கு. பர்மா, மலேயாக் கடைகளுக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே பசங்களுக்கு எண்சுவடியும் (பழைய வாய்ப்பாடு) கீழ்வாய் இலக்கமும் (பின்னக் கணக்கு) தலைகீழா வந்தாகணும். எங்க அப்பத்தா பள்ளிக்கூடம் அதிகம் போனதில்ல, ஆனா மாகாணி, மா, காணின்னு சொல்லும்போது அவங்களுக்கு அது எல்லாம் நிஜமான அளவு. மாகாணின்னா பதினாறுல ஒண்ணு, மா இருபதுல ஒண்ணு, காணி எம்பதுல ஒண்ணு, முந்திரி முன்னூத்தி இருபதுல ஒண்ணு. இப்ப 16-க்கும் 20-க்கும் மீச்சிறு பொது மடங்கு பாருங்க, 80. மாகாணிங்கறது 5 காணி, மாங்கறது 4 காணி, மாகாணியிலேருந்து மாவைக் கழிச்சா சரியா ஒரு காணி. கீழ் எண் வேற வேறயா இருக்கற பின்னத்தைக் கழிக்க நாம இன்னைக்குச் சொல்லிக் குடுக்கற அதே வேலையை அவங்க ஒரு பேரு வச்சு முடிச்சுட்டாங்க. அணாக் கணக்கும் அப்படித்தான், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, மொத்தம் 192 பை. ஒரு ரூபாயை மூணு பேருக்குப் பிரின்னா ஆளுக்கு 5 அணா 4 பை, மிச்சம் இல்ல. 1957 ஏப்ரல் 1-லேருந்து நூறு காசு வந்துச்சு, மூணு பேருக்குப் பிரிச்சா ஒரு காசு நிக்கும். நூறு பெருக்கறதுக்கு சுலபம், ஆனா அதுக்குக் காரணி 9-தான், 192-க்கு 14. புள்ளைங்களை எண்ணச் சொல்லுங்க, ஜோடி ஜோடியா ஏழு ஜோடி கிடைக்கும்.

வகுத்தல் முறையே வேண்டாம்னு நான் சொல்லல. பெரிய எண்ணு வந்தா அது வேணும், பரீட்சைக்கும் வேணும். எப்ப சொல்லிக் குடுக்கறோங்கறதுதான் விஷயம். கொட்டையும் கல்லும் பேப்பரும் ஆன பிறகு 12, 18-ஐ எழுதி, 2-ஆல வகுத்தா 6, 9, 3-ஆல வகுத்தா 2, 3-ன்னு போட்டுட்டு, இடது பக்கம் நிக்கிற 2-ம் 3-ம் ரெண்டு எண்ணுக்கும் பொதுவா இருந்தது, அதைப் பெருக்கினா 6 மீப்பெரு பொதுக் காரணி, கீழ மிச்சம் நிக்கிற 2-ம் 3-ம் தனித்தனியா இருந்தது, அதையும் சேர்த்துப் பெருக்கினா 36 மீச்சிறு பொது மடங்குன்னு சொன்னா ஒரே நிமிஷத்துல பிடிச்சுக்குவாங்க. மூணு எண்ணுன்னா மட்டும் ஜாக்கிரதை, மீப்பெருவுக்கு மூணும் வகுபடுற எண்ணால மட்டும்தான் வகுக்கணும், மீச்சிறுவுக்கு ஏதாவது ரெண்டு வகுபட்டாலும் போதும், வகுபடாததை அப்படியே கீழ இறக்கிக்கலாம். பார்க்க ரெண்டும் ஒரே கணக்கு மாதிரி இருக்கும், அதனாலதான் ரெண்டையும் ஒரே வாரத்துல சொல்லிக் குடுக்காதீங்கன்னு கேட்டுக்கறேன்.

எண்ணுங்களைத் தேர்ந்தெடுக்கறதும் முக்கியம். முதல்ல 4, 6, அப்புறம் 6, 8. அடுத்து 5, 10 மாதிரி ஒண்ணு இன்னொண்ணுக்குள்ளயே இருக்கற ஜோடி, அதுல விடை குடுத்த எண்ணாவே வந்து நிக்கும், புள்ளைங்க நம்பாம ரெண்டு தடவை போட்டுப் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் 8, 15. பிறகுதான் 12, 18, 24, 36. ஒரே மாதிரி இருபது கணக்கு குடுத்தா பதினஞ்சாவதுல கை மட்டும்தான் ஓடும். அஞ்சு குடுங்க, அஞ்சும் வேற வேற குணத்துல இருக்கட்டும், ஒவ்வொண்ணுக்கும் வாயால பேசச் சொல்லுங்க. பெத்தவங்களுக்கு ஒண்ணு, 6-க்கும் 8-க்கும் புள்ளை 48-ன்னு சொன்னா தப்புன்னு அடிக்காதீங்க, 48 பொது மடங்குதான், "இதை விடச் சின்னதா ஒண்ணு கிடைக்குமா?"ன்னு கேளுங்க, 24-க்கு அதுவே வந்துடும். ஆறுல ஒண்ணையும் எட்டுல ஒண்ணையும் கூட்டும்போது 48-ஐக் கீழ போட்டாலும் விடை சரிதான், 48-ல 14-ன்னு வரும், அப்புறம் 2-ஆல சுருக்கினா 24-ல 7. நீளமான வழியில போச்சு, அவ்வளவுதான்.

நல்லாப் பிடிபட்ட புள்ளைங்களுக்கு இப்ப நான் குடுக்கறது தலைகீழ்க் கணக்கு. மீப்பெரு பொதுக் காரணி 6, மீச்சிறு பொது மடங்கு 36, எண்ணு எது எது? பெரும்பாலும் 12-ம் 18-ம்னு வருவாங்க. இன்னொரு ஜோடியும் இருக்கு, 6-ம் 36-மே. ரெண்டு ஜோடியும் பெருக்கினா 216. ஒரு கேள்விக்கு ரெண்டு விடை இருக்கலாங்கறதே கொஞ்சம் பேருக்கு ஆச்சரியமா இருந்துச்சு, எது சரியான விடைன்னு என்னைக் கேட்டாங்க, ரெண்டுமேன்னேன். 6-ம் 72-ம் குடுத்ததுக்கு 18, 24 ஒண்ணு, 6, 72 ஒண்ணு, அதுலயும் ரெண்டுதான். அடுத்து 6-ம் 180-ம் குடுக்கப் போறேன், அதுல நாலு ஜோடி இருக்கு, 30-ம் 36-ம் ஒண்ணு, மத்த மூணை நீங்களும் உங்க வீட்டுப் புள்ளையோட உக்காந்து தேடிப் பாருங்க.